கட்டுப் போட்ட கையும் ஏழு அரியரும்

ரிசல்ட் வந்த அன்று வீட்டில் இருந்தது அம்மாவும் தங்கை எஸ்தரும் நானும். அப்பா இல்லை. கொல்லம் பக்கம் கல் வேலைக்குப் போனவர் கிறிஸ்மஸுக்குத்தான் வருவார். போனில் பார்த்தேன். நான்கு தாள் போயிருந்தது. பழையதோடு சேர்த்து ஏழு அரியர்.

"ஏழுன்னா நெறையவாலே?" என்று அம்மா கேட்டாள். அவளுக்கும் அப்பாவுக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வரை போனவன் நான் ஒருவன்தான். என் பீஸுக்காக எஸ்தர் ஒன்பதாம் வகுப்போடு நின்று பீடி சுற்ற உட்கார்ந்திருந்தாள். நான் விழுந்தால் அவள் நின்றதும் வீண்.

நான் சோம்பேறி இல்லை. வகுப்பில் சார் வாயைத் திறந்தால் என் பேனா ஓடும். அவர் இருமினால்கூட எழுதிவிடுவேன் என்று பையன்கள் கேலி செய்வார்கள். சாயங்காலம் அதையே கோடு போட்ட நோட்டில் அழகாக எழுதுவேன். எழுதிவிட்டால் படித்தாயிற்று என்றுதான் எங்கள் வீட்டில் நம்பினோம். குடும்ப ஜெபத்தில் வேதப்புத்தகத்தின் பக்கத்தில் நோட்டுகளை அடுக்கி, மூன்று பேரும் அதன்மேல் கை வைத்து ஜெபிப்போம். ஆமென் சொல்லிப் பைக்குள் வைத்துவிடுவேன். பரீட்சையில் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் போதும், ஒன்றும் வராது.

மறைக்காமல் சொல்கிறேன், செத்துவிடலாம் என்றுகூட இரண்டு நாள் நினைத்தேன். பிறகு முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, நோட்டில் இருப்பதை என் தலைக்குள் போடும்" என்று கெஞ்சினேன்.

அந்தச் சனிக்கிழமை ஐந்தருவியில், சீசனுக்கு நான் வேலை பார்த்த பழக்கடையில், மங்குஸ்தான் கூடையோடு ஈரப் படியில் வழுக்கினேன். வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. எழுதுகிற கை! "நான் கேட்டது இதையா?" என்று சத்தம் போட்டு அழுதேன். அதற்குமேல் தனியாக ஜெபிக்க மனம் வரவில்லை.

அட்டெண்டன்ஸுக்காக வகுப்புக்குப் போனேன். கைக்கு வேலையில்லாததால் சாரின் முகத்தைப் பார்த்தேன். டிரான்ஸ்பார்மர் பாடம். அன்று சாயங்காலம் ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது எஸ்தர் கேட்டாள், "நோட்டு இல்லையேண்ணே, எதுமேல கை வைக்க?"

"சார் என்ன சொன்னாருன்னு வாயால சொல்லுலே. அதுக்கு ஜெபம் பண்ணுவோம்" என்றாள் அம்மா.

சொன்னேன். ரெண்டு கம்பிச் சுருள், ஒன்றையொன்று தொடாது, இதில் கரண்ட் விட்டால் அதில் வரும்.

"தொடாமலேயா? பொய் சொல்லுதண்ணே. அப்ப பாட்டரியக் கொடுத்தா?"

"வேலை செய்யாது."

"ஏன்?"

"தெரியலட்டி. போன வருசமே சொல்லியிருப்பாரு. நான் எழுதிக்கிட்டுல்லா இருந்தேன்."

மறுநாள் சாரிடமே போய்க் கேட்டேன். "நீயாடே? ரெண்டு வருசமா உன் உச்சந்தலையத்தான் பாத்திருக்கேன், இன்னைக்குத்தான் மூஞ்சியப் பாக்கேன்" என்று சிரித்துவிட்டு விளக்கினார். வீட்டில் வந்து சொன்னேன். எஸ்தர் பீடி இலையை வெட்டிக்கொண்டே சொன்னாள்: "அப்ப கரண்ட் மாறிக்கிட்டே இருந்தாத்தான் அங்கன போவும். ஒரே மாதிரி இருந்தா போவாது." அந்த ஒரு வரியை இடது கையால் கோணல்மாணலாக எழுதினேன். நான் புரிந்து எழுதிய முதல் குறிப்பு அதுதான்.

அதன்பின் வகுப்புக்கு ஐந்தாறு வார்த்தைதான் எழுதினேன். புரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி. சாயங்காலம் நோட்டை மூடிவைத்து எஸ்தருக்குச் சொல்வேன். அவள் ஏன் என்று கேட்டு நான் முழித்தால், மறுநாள் சாரிடம் கேட்பேன். பழைய நோட்டுகளையும் இப்படியே திறந்தோம். அந்த செமஸ்டரில் எல்லாத் தாளும் பாஸ். அரியர்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. இன்று சுரண்டை பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கிறேன்.

தலைக்குள் போடும் என்று கேட்டேன். ஆண்டவர் கையை நிறுத்தினார். அவருக்கே மகிமை. வகுப்பில் குனிந்தே இருக்கிற தம்பிமாரே, தங்கைமாரே, நோட்டுக்காக ஜெபிக்காதீர்கள். கேட்கிற காதுக்காக ஜெபியுங்கள், அவர் தருவார். ஆனால் நிமிர்ந்து உட்காருங்கள்.

இந்த ஜூனில் எஸ்தரைத் திரும்பப் பள்ளிக்கு அழைத்தேன். "பதினேழு வயசுல யூனிபார்ம் போட்டுட்டுப் போனா, புள்ளைங்க என்னய டீச்சர்னு நெனச்சு எந்திச்சு நிக்கும்ணே" என்று சிரித்தாள். போகவில்லை.

நான் கேட்கக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஆன விலை இது: என் இரண்டு வருஷம், முழுசாக மடங்காத ஒரு மணிக்கட்டு, எஸ்தரின் பத்தாம் வகுப்பு, அதற்குமேல் அவள் படித்திருக்கக்கூடிய எல்லாம்.