எங்கள் சித்தியின் சுவர்

எங்கள் சித்தியைப் போல ஒருத்தி உங்கள் வீட்டில் இருந்திருந்தால் நீங்களும் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டுதான் திரிந்திருப்பீர்கள். சித்தி மெட்ராஸில் ஓவியம் படித்தவள். காகிதத்தில் அல்ல, சுவரில் வரைகிறவள். கும்மிடிப்பூண்டிக்குத் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த எழுபதுகளில், கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், கடைத்தெருவில் நெல் கிடங்கின் நீளமான சுவரைப் பார்த்துவிட்டாள். அப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பட்டணத்தில் அவள் தனியாக வரைந்த சுவர்களில் மறுவாரமே போஸ்டர் ஒட்டிவிடுவார்களாம். இந்தச் சுவராவது நிலைக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதற்கு அவள் செய்த காரியம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நூல் பிடித்துக் கோடு போட்டதோடு சரி. காவியும் நீலமும் கரைத்து வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்தாள்.

"தெனம் உங்க கைல பட்ற ஒண்ணை வரைங்க, போதும்."

பழவேற்காட்டிலிருந்து இறால் விற்க வரும் அம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓர் இறாலைப் போட்டாள். அது சித்தி கோடு போட்டிருந்த ரயிலைவிடப் பெரிதாக இருந்தது. சித்தி திருத்துவாள் என்று பார்த்தால், ரயிலைச் சின்னதாக்கினாள்! ஆனாலும் நான் விடவில்லை. தண்ணீர் பிடிக்கிற இடத்தில், கடையில், கோயிலில், 'எங்க சித்தி வரைஞ்சது' என்று சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

படம் முடிந்த கையோடு தேர்தல் வந்தது. கட்சிக்காரர் ஒருவர் சுண்ணாம்பு வாளியோடு சுவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"இது எங்க கட்சிக்கு ரிசர்வ் பண்ண சொவரு. யாரு இதுல கிறுக்குனது?"

சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ, பெருமையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? வாயைத் திறந்தேன். அதற்குள் இறால்கார அம்மாள் முந்திக்கொண்டாள்.

"நான்தான் போட்டேன். இன்னா இப்போ?"

"நானுந்தான்" என்றார் பாய்லர் வரைந்த டீக்கடைக்காரர். "நானு, நானு" என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. கடைசியில் கட்சிக்காரரின் மனைவியே முன்னால் வந்தாள்.

"அந்த டிபன் கேரியர் நான் போட்டது. அதும்மேல சுண்ணாம்பு அட்ச்சுப் பாரு. நாளைலேர்ந்து உனுக்கு நாஷ்டா கெடையாது."

"இன்னாடா பேஜாரு இது!" என்று அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அந்தத் தேர்தலில் அவர்கள் சின்னம் மாட்டுக் கொட்டகைச் சுவரில்தான் ஏறியது.

சுவர் பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வயிறு எரிந்தது. ஒருவர் வாயிலும் சித்தியின் பெயர் வரவில்லையே! வீட்டுக்குப் போகிற வழியில் அழுதேவிட்டேன்.

"நீதானே சித்தி வரைஞ்சே? எல்லாரும் நான், நான்னு சொல்லிக்கினு போறாங்க. நீ ஏன் சும்மா கீற?"

சித்தி காவி படிந்த கையால் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சிரித்தாள், கண்ணெல்லாம் தண்ணீர். அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. கைக்கு வந்த பெயரை முழுவதுமாகப் பறிகொடுத்துவிட்டு ஒருத்தி எதற்காக இப்படிச் சிரிக்கிறாள் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.