நீலக் காளான் என் ஓடைக்கரையில் பிழைத்த கதை

பதுளைப் பட்டணத்தில் அந்த விறகு மடுவத்தை, மரமும் விறகும் அடுக்கிவைக்கும் கொட்டகையை, நான்தான் போட்டேன். அதன் முன்னால் நிற்கும் மாடி வீட்டையும் நான்தான் கட்டினேன். நமுனுகுல மலையில் நான் பிறந்த லயத்து வரிசை வீடுகளுக்கு ஏறுகிற கொங்கிரீட் படிகள் என் கைக்காசில் வந்தவை. தேயிலைத் தோட்டத்து அம்மன் கோயிலின் முன்மண்டபமும் அப்படித்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், அப்பன் இல்லாத லயத்துப் பயல் என்று சிரித்தார்கள். சிரித்தவர்களின் பிள்ளைகள் பிறகு என் லொறிகளை ஓட்டினார்கள். இந்த வரிசையில் ஒரு காளானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்தக் காளான் இன்றைக்கு உயிரோடு இருக்கிறதென்றால் அது என்னால்.

நான் மேலே வந்ததற்கு ஒரு பழக்கம்தான் காரணம். தோட்டம் எதை வீசினாலும் எடுத்துவந்து வைப்பேன். ஒரு மழைக்காலம் கழியும்வரை விற்கமாட்டேன், எரிக்கவும் மாட்டேன். என் முதல் லொறியே தேயிலைக் கொழுந்தை உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால், சக்கரத்தைப் புல் மூடிக் கிடந்ததுதான். மடுவத்தின் கூரை அவர்கள் கழற்றி எறிந்த தகரம். தோட்டத்தை நடத்தப் படித்த துரைமார் பலர் வந்து போனார்கள். வீசுகிற பொருளை ஒருமுறை திருப்பிப் பார்த்த ஒருவரைக்கூட நான் கண்டதில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். யூனிவர்சிட்டி கம்பஸில் படிப்பிக்கிற யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் தோட்டத்துக்கு மேலே உள்ள காட்டில் அந்தக் காளானைக் கண்டுபிடித்தார். விழுந்து கிடந்த பெரிய கீன மரம் ஒன்றின் மேல், துருசுக் கட்டியின் நீலத்தில், எலிக் காது அளவில் முளைத்திருந்ததாம். நாட்டில் வேறெங்கும் கண்டதில்லை, காப்பாற்ற வேண்டும் என்று துரையிடம் இங்கிலீசில் விளக்கமாகச் சொன்னார். துரை அதை, ஆட்களை வேலை வாங்கும் பெரிய கணக்கப்பிள்ளையிடம் பாதியாகச் சொன்னார். பெரிய கணக்கப்பிள்ளையின் காதில் விழுந்தது கடைசிச் செய்தி மட்டும்: பாதுகாப்புப் பலகையைத் திறந்துவைக்கக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார்.

பெரியவர் வந்தால் தோட்டம் என்ன செய்யும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பாதையைக் கூட்டும், புல்லைச் செதுக்கும், கல்லுக்குச் சுண்ணாம்பு அடிக்கும், வாழைமரம் கட்டும். பெரிய கணக்கப்பிள்ளை அத்தனையையும் காட்டுக்கே செய்துவிட்டார்! லொறியோடு வரச்சொல்லி ஆள் அனுப்பியதால் போனேன். காட்டின் நடுவில் காய்ந்த இலை ஒன்றுகூட இல்லை. கற்கள் வெள்ளை வெளேரென்று நின்றன.

"என்னங்க, காட்டுக்குக் கல்யாணமா?" என்றேன்.

"சிரிக்காதீங்க மொதலாளி. அந்த அழுகின கட்டையத் தூக்குங்க. பெரியவரு பாத்தா தோட்டத்தப் பத்தி என்ன நெனப்பாரு? கொண்டுபோயி ஸ்டோர் அடுப்புல தள்ளிருங்க."

"காளான் எங்க?"

"அது மழைக்கி வரும். இப்ப எடம் சுத்தமா இருக்கணும்."

வெயில் காலம். கட்டையின் மேல் காளான் ஒன்றும் இல்லை. ஆட்கள் கடப்பாரையால் நெம்பியபோது மேல் சிராய் ஒன்று பெயர்ந்தது. உள்ளே மரமே நீலமாக இருந்தது. கட்டையை லொறியில் ஏற்றவைத்தேன்.

கீழே சந்தியில் டிரைவர் வேகத்தைக் குறைத்தான். "ஸ்டோருக்கு விடவா மொதலாளி?"

"மடுவத்துக்கு விடு."

"இத எவன் வாங்குவான்? தண்ணியா ஊத்துது."

"வாங்குறவன் வந்தா ஒனக்குச் சொல்லி அனுப்புறேன். ஓடைப் பக்கம், நெழல்ல எறக்கு."

திறப்பு விழாவுக்கு எனக்கு அழைப்பில்லை. இருந்தாலும் போய்ப் பின்னால் நின்றேன். பெரியவர் துணியை இழுத்தார், பலகையைப் பார்த்துச் சிரித்தார், துரையின் பங்களாவுக்குத் தேத்தண்ணீர் குடிக்கப் போனார். கம்பஸ் அம்மா மட்டும் சுண்ணாம்புக் கற்களின் நடுவில் நின்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இஞ்சை கிடந்த மரக்குத்தி எங்கை?"

"எந்த மரங்கம்மா?" என்றார் பெரிய கணக்கப்பிள்ளை.

"அந்தக் குத்திக்கு உள்ளுக்கைதான் காளான் இருக்கு. மழைக்குத்தான் வெளியிலை தலைகாட்டும். குத்தி இல்லையெண்டா ஒண்டுமே இல்லை."

பெரிய கணக்கப்பிள்ளை வானத்தைப் பார்த்தார். அங்கே மேகம்கூட இல்லை. நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "அடுப்புல போடச் சொன்னாரும்மா. நான் போடல. எங்கிட்டதான் இருக்கு."

அந்த அம்மா மடுவத்துக்குப் பின்னால் வந்து, ஓடை ஈரத்தில் உட்கார்ந்து, கட்டையைத் தடவிப் பார்த்தார். "ஏன் ஐயா எரிக்காமல் வைச்சனீங்கள்?"

"வீசுறவங்க புத்திய நான் நம்புறதில்லம்மா."

மழைவரை அசைக்க வேண்டாம் என்றார். வெயில் படாமல் ஓலை மறைப்புக் கட்டச் சொன்னார். கட்டினேன். மாடுகள் உரசாமல் முள்வேலி போட்டது என் சொந்த யோசனை. ஐப்பசி மழை பிடித்தது. ஒரு காலையில் பார்த்தால் கட்டை முழுக்க நீலக் காதுகள். அந்த அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்து, மழையில் நனைந்துகொண்டே அழுதார். நான் மண்டபம் கட்டிக்கொடுத்த கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தபோதுகூட எனக்கு இப்படிச் சந்தோஷம் வந்ததில்லை.

கட்டை என் லொறியில் ஏறி, என் ஆட்களின் தோளில் பல்லக்குப் போல மலை ஏறி, பழைய இடத்துக்குப் போனது. கூட்டி அள்ளிய இலைகளை மூட்டை மூட்டையாகத் திரும்பக் கொட்டவைத்தார் அந்த அம்மா. பெரிய கணக்கப்பிள்ளை பக்கத்தில் நின்று இலை கொட்டுவதை மேற்பார்வை செய்தார். லயத்துப் பெண்கள் வெகுகாலம் அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

பலகையில் பெரியவரின் பெயர் இருக்கிறது. துரையின் பெயர் இருக்கிறது. கம்பஸ் இருக்கிறது, பெயின்ட் கொடுத்த கடைகூட இருக்கிறது. நான் இல்லை. கம்பஸ் அம்மா பிறகு என் பெயரையும் பலகையில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார், தோட்டத்து ஆபீஸ் அதை வெட்டிவிட்டது. ஏன் என்று பெரிய கணக்கப்பிள்ளையிடமே கேட்டேன்.

"ஒங்க பேரப் போட்டா, கட்ட ஏன் ஒங்க மடுவத்துக்குப் போச்சுன்னு கேப்பாங்களே மொதலாளி," என்றார், வெட்கமே இல்லாமல்.

அவர்கள் செய்த மடத்தனம் வெளியே தெரியக்கூடாது, அதற்காக நான் மறைய வேண்டும். என் மருமகனும் கேட்கிறான், காளான் என்று தெரிந்தா வைத்தீர்கள் என்று. அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் பாதுகாக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. சொல்லப்பட்டவர்கள் அடுப்புக்கு அனுப்பினார்கள். தெரியாதவன் வேலி போட்டான்.

அந்தப் பலகை இப்போது துருப்பிடித்துச் சாய்ந்துவிட்டது, புதிது வைக்கப்போகிறார்களாம். வைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: மாலையும் பொன்னாடையும் எனக்கு வேண்டாம், வீட்டில் வைக்க இடமில்லை. பலகைக்கு நல்ல மரம் நானே தருகிறேன். அதில் பெரியவரின் பெயருக்குக் கீழே, தமிழிலும் சிங்களத்திலும் என் பெயரை எழுதுங்கள். பக்கத்தில், கட்டையை எரிக்காமல் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தவர் என்று போடுங்கள். எரிக்கச் சொன்னவர் யார் என்று எழுதச்சொல்லி நான் கேட்கவில்லை. என் வரியை மட்டும் போடுங்கள், நான் கண்ணால் பார்க்கிற காலத்திலேயே.