வீட்டில் வைத்துப் பார்த்த வைரம்

நாத்தனாரின் நிச்சயத்தில் மாப்பிள்ளைக்குப் போட வைர மோதிரம் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம், நான் கல்லூரியில் ரசாயனம் படித்திருந்ததுதான். மாமனார் உயிரோடு இல்லை. என் கணவருக்குக் களமசேரியில் ஷிப்டு வேலை. "வைரம்னா கரிதானே? அதை நீதானே படிச்ச" என்று சிரித்துவிட்டு அவர் பஸ் பிடிக்க ஓடிவிட்டார். படித்தது உண்மை. ஆனால் பாடப்புத்தகத்தில் இருந்தது வைரத்தின் படம். கல்லைக் கையில் வாங்கிப் பார்த்ததே இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் ஆலுவாக்காரர்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா சட்டைப்பையில் லென்ஸோடுதான் வருவார் என்று சொன்னார்கள். வேறொரு வீட்டு நிச்சயத்தில், கல் மட்டம் என்று மோதிரத்தைத் தட்டிலேயே திருப்பி வைத்தவராம். அந்தப் பெண்ணுக்கு அப்புறம் வரன் அமையவே இல்லை என்று அத்தை, என் மாமியார், என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். நாத்தனார் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்தினார். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

மட்டாஞ்சேரி சேட்டின் கடையில் ஒரு ஒற்றைக்கல் மோதிரத்தைத் தேர்ந்தெடுத்தோம். கல்லின் மேல் ஊதினேன், ஆவி படிந்தவுடன் மறைந்தது. லென்ஸில் பார்த்தேன். கரும்புள்ளி இல்லை, கீற்று இல்லை. தண்ணீர்த் துளிபோல வெள்ளையாக இருந்தது. ஆனால் எங்கள் வீடுகளில் வைரத்தை உடனே வாங்கிவிட மாட்டார்கள். சில நாள் வீட்டில் வைத்துப் பார்ப்பார்கள். அந்த நாட்களில் கெட்டது ஒன்றும் நடக்காவிட்டால் கல் அந்தக் குடும்பத்துக்கு ஆகும். சேட்டுக்கும் இது தெரியும். நம்பிக்கையின் பேரில் கொடுத்தனுப்பினார். அத்தை அதைச் சாமி மாடத்தில் வெள்ளிக் கிண்ணத்துக்குள் வைத்தார்.

மறுநாளே என் மகளுக்குக் காய்ச்சல். தவழத் தொடங்கியிருந்த குழந்தை. டாக்டர், பல் முளைக்கும் காய்ச்சலாக இருக்கலாம், மழைக் காய்ச்சலாகவும் இருக்கலாம் என்றார். இரண்டில் எது என்று கேட்டேன். "எதானாலும் போயிடும்" என்றார். அத்தை மருந்துச் சீட்டைப் பார்க்கவில்லை. சாமி மாடத்தைப் பார்த்தார். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து, மனம் கேட்காமல் மோதிரத்தை எடுத்து ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். கல்லில் மஞ்சள் ஓடியது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மஞ்சள்தான். கொஞ்சம் மஞ்சள் தட்டினாலும் வெள்ளைக் கல்லின் விலையில் பாதிகூடப் பெறாது என்று சேட்டே சொல்லியிருந்தார். அப்படியானால் ஒன்றைக் காட்டி வேறொன்றைக் கொடுத்தாரா? இல்லை, அன்றைக்கே மஞ்சளாக இருந்து நான்தான் கவனிக்கவில்லையா? ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். பெரியப்பாவின் லென்ஸ் என் கண்முன் வந்து நின்றது.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அத்தையையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு அப்போதே கடைக்குப் போனேன்.

"சேட்டு, இது நீங்க காட்டின கல் இல்ல" என்றேன்.

சேட்டு கோபப்படவில்லை. "மோளே, எங்க அப்பன் காலம் தொட்டு இங்கதான் இருக்கேன். கல்லு மாத்தணும்னா உங்கிட்டயா வந்து மாத்துவேன்?" மோதிரத்தை வாங்கி, மடித்த வெள்ளைக் காகிதத்தின் நடுவில் செருகி வாசல் வெளிச்சத்தில் வைத்தார். வெள்ளை. நான் எடுத்தேன். மஞ்சள். அவர் வைத்தார். வெள்ளை.

திடீரென்று நாத்தனார் சிரித்தாள். "மதனி, உங்க கையைப் பாருங்க! வெள்ளிக்கிழமை மஞ்சளை முழுசா தேச்சுட்டு வந்து கல்லைக் குத்தம் சொல்லுதீங்க!"

விரல்கள் நகக்கண் வரை மஞ்சளாக இருந்தன.

"பக்கத்தில என்ன இருக்கோ அது வைரத்துக்குள்ள தெரியும்" என்றார் சேட்டு. "வெள்ளிக்கிழமை பொண்ணுங்க வந்தா நான் கடையை அடைச்சிட்டுப் போயிடணும்."

வெட்கத்தோடு, விரல் படாமல் காகித மடிப்பிலேயே வைத்து மறுபடி எல்லாம் பார்த்தேன். குறை ஒன்றுமில்லை.

"அப்போ எடுக்கலாமா?" சேட்டு என்னைத்தான் கேட்டார்.

அத்தை சொன்னார்: "கல்லு நல்ல கல்லுதான். பிள்ளைக்குல்லா மேலு சுடுது."

நாத்தனாரின் சிரிப்பு நின்றது. குழந்தையின் மூச்சு என் கழுத்தில் சுட்டது. சேட்டு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "குட்டிக்குப் பனியா, காய்ச்சலா? அப்போ வேண்டாம்னா வெச்சிடு. ஆனா ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இந்த நீரோட்டத்தில, இவ்வளவு வெள்ளையா, வேற கல்லு கிடைக்காது."

"எடுக்கலாம்" என்றேன். எப்படி வந்தது அந்த வார்த்தை என்று தெரியவில்லை.

அத்தை மறுக்கவில்லை. சேட்டைப் பார்த்து, "எடுத்தாச்சு. ஆனா இப்போ கல்லு வீட்டுக்கு வர வேண்டாம், இங்கயே இருக்கட்டும். நிச்சயத்தன்னைக்குக் காலைல வந்து வாங்கிக்கிடுதோம்" என்றார். சேட்டு கடைக்கு மேலேயே குடியிருந்ததால் ஞாயிற்றுக்கிழமையும் வாங்கிக்கொள்ளலாம்.

அன்று சாயங்காலமே காய்ச்சல் இறங்கிவிட்டது.

"பாத்தியாட்டி" என்றார் அத்தை. அவ்வளவுதான் சொன்னார். எதற்காகக் காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தேனோ அது நடந்தும் எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. ஒரு நாள் முன்னால் இறங்கியிருக்கக் கூடாதா? ஒரு நாள் பின்னால்? சனிக்கிழமை முழுக்கக் குழந்தை வீடெல்லாம் தவழ்ந்து விளையாடியது. நாத்தனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுக்களையில் நான் தனியாக இருக்கும்போது வந்தாள்.

"மதனி, அதை அவுகளுக்குப் போடலாமா?"

"நல்ல கல்லு. நானே பாத்தேன்லா."

"கல்லைப் பத்தியா கேட்டேன்?"

காய்ச்சலுக்கும் கல்லுக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். படித்தவள் சொல்ல வேண்டிய பதில் அதுதான். அந்தப் பதிலை அவள் நம்ப மாட்டாள், ஏனென்றால் நானே முழுதாக நம்பவில்லை.

"நாளைக்கு நானே போய் வாங்கிட்டு வாரேன்" என்றேன். "பாப்பாவையும் தூக்கிட்டுப் போறேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். வேண்டாம் என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டிருந்தது. சேட்டு கொடுத்த பொட்டலத்தை வலது கையில் பொத்திக்கொண்டு, குழந்தையை இடது இடுப்பில் வைத்து நடந்தேன். பஜார் முடியும் இடத்தில் ஒருமுறை நின்றேன், பாலத்தடியில் ஒருமுறை. குனிந்து அவள் நெற்றியில் என் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். வலது கையால் தொட்டுப் பார்த்திருக்கலாம். அந்தக் கையைக் குழந்தைமேல் படாமல் தள்ளியே வைத்திருந்தேன்.

நாத்தனார் வாசலிலேயே நின்றாள். முதலில் குழந்தையை நீட்டினேன். அவள் நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், உள்ளங்காலைக்கூடத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் மோதிரத்துக்குக் கையை நீட்டினாள்.