பதினோராவது வரியில் ஏழு நாற்காலி

மோகனப்பிரியா சேலத்தில் இளங்கலை முடித்து, சென்னைக்கு முதுகலை கலை நிர்வாகம் படிக்க வந்தாள். ஊர் வெண்ணந்தூர். அவள் அப்பா சென்னிமலை விசைத்தறி ஓட்டுபவர்; அவர் கேட்டதை எங்கள் விடுதி அறையில் எனக்கு நடித்துக் காட்டுவாள்.

"அது என்ன படிப்பு சாமி? கல்யாண மண்டபத்துல மேனேசர் வேலையா?"

"கிட்டத்தட்ட அப்படித்தானுங்கப்பா."

அதெல்லாம் நடந்து பத்து ஆண்டுகள் ஆகின்றன. நாங்கள் இருவரும் பழைய செய்தித்தாளின் ஓரத்தில் அளவுகோல் வைத்து மேடை வரைவோம். எந்த விளக்கு எங்கே தொங்க வேண்டும் என்று கேண்டீன் மூடும்வரை சண்டை போடுவோம். 'மரபைப் பாதுகாத்தல்' என்று பாடநூலில் ஓர் அத்தியாயம் இருந்தது. எந்த மரபை என்று அதில் எழுதவில்லை. வகுப்பில் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். இன்னொரு முறை எங்கள் கடைசி பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்காரக் கிடைத்தால் போதும் என்று தோன்றுகிறது.

கடைசிப் பருவத்தில் ஒவ்வொருவரும் சொந்த ஊர்ப்பக்கம் ஒரு நிகழ்ச்சி நடத்த வேண்டும். தேர்வாளர் நேரில் வந்து பார்ப்பார். தவறினால் ஓராண்டு போய்விடும். அவள் தெருக்கூத்தைத் தேர்ந்தெடுத்து, ஊர்ப் பொதுக்கூடம் ஒன்றை ஏற்பாடு செய்தாள். துணைக்கு நானும் போனேன்.

சங்ககிரிப் பக்கம் ஆண்டி என்ற கூத்துக் கலைஞரைப் பார்த்தோம். அறுபது வயது. குழுவில் ஏழு பேர். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி கலைஞர் தேவைப் படிவத்தை விரித்தாள். மைக், விளக்கு, குடிநீர் என்று பத்து வரி நிரம்பியது.

"வேற என்ன வேணுங்க?"

ஆண்டி தன் மனைவி சாலம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் சிரித்தார். "கேக்கறாங்கல்ல, சொல்லுங்களேன்."

"ஏழு சேரு வேணுங்க. வேசம் கட்டறப்ப உக்கார. கூடம் இருக்கற அந்த ஊருல எங்களை மண்ணுலதான் உக்கார வெப்பாங்க."

ஒடுக்கப்பட்ட சாதிக்காரர்கள் அவர்கள். விடிய விடிய அவர்கள் ராஜாவாக ஆடுவதை ஊர்க்காரர்கள் கைதட்டிப் பார்ப்பார்கள். கிரீடத்தைக் கழற்றியதும் தரையைக் காட்டுவார்கள். பதினோராவது வரியில் 'நாற்காலி 7' என்று எழுதினாள். கூடத்துக்குப் பொறுப்பான ஊர்க் கமிட்டித் தலைவர் சுவாமிநாதன் அதில் கையெழுத்தும் போட்டார்.

சனிக்கிழமை மதியம் கூடத்தின் பின்னறையில் நாற்காலிகளைப் போட்டோம். சுவாமிநாதன் வந்தார்.

"ஏம்மா, படிச்ச புள்ளைக்கு இதுகூடத் தெரியாதா? அவங்க எந்தக் காலத்துல சேருல உக்காந்தாங்க?"

"நீங்கதானுங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"காலேசு பாரம்னு நம்பிப் போட்டேன்."

"படிச்சுட்டுப் போட்டிருக்கலாமுங்க."

அவர் முகம் சிவந்துவிட்டது. "சேரை எடு. இல்லாட்டி கூடத்தைப் பூட்டீருவேன்."

தேர்வாளர் சேலத்தில் ரயிலிறங்கி வந்துகொண்டிருந்தார். ஆண்டி அவளருகே வந்து மெதுவாகச் சொன்னார்: "எங்களால உங்க படிப்பு கெட வேண்டாம் சாமி. நாங்க கீழயே உக்காந்துக்கறோம். பழகுனதுதானுங்க."

"அப்பறம் நான் எதுக்குங்க இத்தனை வருசம் படிச்சேன்?"

பூட்டச் சொல்லிவிட்டாள். நான் தடுக்கவில்லை; தடுக்க நினைத்தேன் என்பது உண்மை.

அவளுடைய மாமா முருகானந்தம் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருந்தார். போர் போடப் போகாமல் நின்ற லாரிகளை நகர்த்தித் தன் ஷெட்டில் இடம் கொடுத்தார். சாமான்களை ஏற்றிக்கொண்டு போனோம். தேர்வாளருக்குப் போன் அடித்தபோது லைன் கிடைக்கவில்லை. அவரே பிறகு அழைத்தார்: பூட்டிய கூடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். இடம் மாறினால் முன்கூட்டியே அனுமதி வேண்டும் என்றார். ஓராண்டு போயிற்று. அடுத்த ஆண்டு மறுபடி ஒரு நிகழ்ச்சி நடத்தித்தான் தேறினாள்.

போனை வைத்ததும் அவள் டீக்கடையிலும் ஆபீஸ் அறையிலும் இருந்து டிரைவர்கள் கொண்டுவந்த நாற்காலிகளை எண்ணினாள். ஏழும் ஏழு நிறம். ஆண்டி முதலில் விளிம்பில்தான் உட்கார்ந்தார், யாரோ எழுப்பப் போகிறார்கள் என்பதுபோல. அரிதாரம் பூசப் பூச உடம்பு தளர்ந்தது. ஒரு புருவம் தீட்டி முடித்தபோது நன்றாகச் சாய்ந்திருந்தார்.

"சாமி, அந்தத் தண்ணியை இப்பிடிக் குடுங்க," என்றார் அவளிடம். "எந்திரிக்க மனசு வரலீங்க."