வலது பக்கம் பாருங்க

ஓர் இடத்தில் யாருமே குடியிருக்கவில்லை என்றால், அங்கே பிறந்து வளர்ந்தவளை என்னவென்று சொல்வது? இந்தக் கதையைக் கேட்ட அன்று எனக்குப் பதில் தெரியவில்லை.

தலைநகரைச் சுற்றிக் காட்டும் கூரையில்லாத பஸ்ஸில் அவள் வழிகாட்டி. வாய் ஓயாது என்பதால் டிரைவர் வைத்த பெயர் ‘ரேடியோ’. பழைய கோட்டை, மணிக்கூண்டு, ஓவியக்கூடமாக மாறிய தானியக் கிடங்கு, புதிய கண்ணாடிக் கோபுரம் என்று ஒவ்வொன்றுக்கும் அலுவலகம் எழுதிக் கொடுத்த வரிகள் உண்டு. எந்த வளைவில் தொடங்கி எந்த சிக்னலில் முடிப்பது என்று அளந்து வெட்டிய வரிகள். ஒரு நாளைக்கு நாலு நடை, ஆறு வருடம். மனம் எங்கே இருந்தாலும் வாய் தன்பாட்டுக்கு ஓடும்.

ஒரு நாள் அவளுடைய அக்கா பஸ்ஸில் ஏறியிருந்தாள். ஆற்றங்கரைக் குடியிருப்பை இடித்தபோது ஊர்க்கோடி அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்டவள், அதன்பின் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. தங்கைதான் கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்திருந்தாள்.

“இந்தக் கோபுரத்தை யாருடி துடைப்பாங்க? என் வீட்டு ஜன்னல் ஒண்ணுக்கே எனக்கு முதுகு போயிடுது” என்று அக்கா கேட்க, பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். தங்கைக்குப் பெருமை தாங்கவில்லை.

பாலம் வந்தது. கீழே நடைபாதை, நீரூற்று, ஐஸ்கிரீம் கடைகள். அக்கா கம்பியைப் பிடித்து எழுந்து கரையில் எதையோ தேடினாள். தங்கையின் கண் அக்காமேல் இருந்தது. வாய் தன் வேலையைப் பார்த்தது.

“வலது பக்கம் பாருங்க. பத்து வருஷம் முன்னாடி இங்க ஒண்ணுமே இல்ல. வெறும் புதர்.”

அக்கா திரும்பினாள். “புதரா? அப்ப நீயும் நானும் என்ன, புதர்ல முளைச்ச கீரையா?”

இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துப் பயணிகள் கைதட்டினார்கள்.

“அக்கா, அது எழுதிக் குடுத்தது... பழக்கத்துல வந்துடுச்சு...”

“எழுதினவனுக்குத் தெரியாது, சரி. உனக்குமா தெரியாது?”

அடுத்த நிறுத்தத்தில் அக்கா இறங்கிவிட்டாள். இவள் பின்னால் ஓட எழுந்தாள். முப்பது பேர் மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்துவிட்டாள். அதுதான் இன்றைக்கும் அவளைப் போட்டு அரிக்கிறது.

அடுத்த நடையில், பாலத்தில் அவளுக்குப் பேச்சே எழவில்லை.

“என்ன ரேடியோ, பேட்டரி போச்சா?” என்றார் டிரைவர்.

அவள் மைக்கை இறுகப் பிடித்தாள். “வலது பக்கம் பாருங்க. இங்க இருநூறு வீடு இருந்தது. நீரூற்று இருக்கிற இடத்துல தெருக்குழாய். அதுக்கு எதிர்வீட்டுல தான் எங்கக்கா என்னை வளர்த்தா.”

இந்தமுறை யாரும் கைதட்டவில்லை. மாலைக்குள் அலுவலகத்துக்குப் புகார் போய்விட்டது. இப்போது பஸ்ஸில் பதிவு செய்த குரல் பேசுகிறது. அவள் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிறாள்.

அவள் சொன்னது அக்கா காதில் விழவே இல்லை. போன் செய்தால் எடுப்பதில்லை, கதவைத் தட்டினால் திறப்பதில்லை. அதனால் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். கைமாறி வாய்மாறி அக்காவிடமும் போய்ச் சேரட்டும்.