தீராத கமர்கட் டப்பா

போன வாரம் ஓர் அதிசயம். என் டைரியை ஒருவர் கேட்டு வாங்கிப் படித்தார்!

இருபத்தாறு வருடமாக எழுதுகிறேன். பால் வந்த நேரம், கரெண்ட் போன நேரம், மழை தொடங்கிய நேரம், விட்ட நேரம்... எல்லாம் இருக்கும். வீட்டில் ஒருவரும் அதைப் புரட்டியதுகூட இல்லை. கேட்டு வாங்கியவர், கள்ளக்குறிச்சியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் பல் டாக்டரம்மா.

பல்வலி எனக்கில்லை. என் தம்பி மகள் கயலுக்கு. ஆறு வயது. தம்பி முருகவேல் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறான். அவன் மனைவி சுமதிக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. ஹாஸ்டலில் தங்கி, மாதம் ஒரு முறை வருவாள். நாங்கள் எல்லோரும் ஒரே வீடு. கயலுக்குச் சோறு ஊட்டுவது என் மனைவி. பள்ளிக்கூடத்தில் விடுவது நான்.

அந்தச் சனிக்கிழமை காலை, கயல் இட்லியைக்கூட வலது பக்கமாகவே ஒதுக்கி மென்றாள். வாயைத் திறக்கச் சொன்னேன். இடது கடைவாய்ப் பற்களில் இரண்டு குழிகள். முன்பற்களில் ஈறோரமாகச் சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளைத் திட்டுகள்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். இனிப்பு வாயில் பட்டதும் அங்கிருக்கும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அவை அதைத் தின்று அமிலத்தைக் கக்கும். அமிலம் பல்லின் சத்தைக் கரைக்கும். உடனே எச்சில் ஊறி வந்து, அமிலத்தைக் கழுவி, அதன் வேகத்தை அடக்கி, கரைந்துபோன சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லுக்கே திருப்பிக் கொடுத்துவிடுமாம். எச்சில் என்றால் துப்புவதற்கு என்றுதானே இத்தனை நாள் நினைத்திருந்தேன்?

“ஆனா அதுக்கு டைம் குடுக்கணும் சார்” என்றார். “அரை மணி, ஒரு மணி நேரம் வாயைச் சும்மா விடணும். வேலை முடியறதுக்குள்ள அடுத்த மிட்டாய் வந்து விழுந்தா, அது என்னதான் பண்ணும்?”

குழி விழுந்த பற்களை அவர் அடைத்துவிடுவார். வெள்ளைத் திட்டுகளை எச்சில் சரி செய்ய வாய்ப்புண்டு, அதை வேலை செய்ய விட்டால். மூன்று நாளைக்குக் கயல் எப்போது, என்ன சாப்பிடுகிறாள் என்று எழுதி வரச் சொன்னார்.

என்னிடமா சொல்ல வேண்டும்? திங்கட்கிழமை, டைரியிலேயே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஆரம்பித்தேன்.

எங்களுக்குத் தெரிந்து அவள் தின்னும் இனிப்பு ஒன்றே ஒன்று: கமர்கட். வெல்லப்பாகில் தேங்காய் போட்டு உருட்டிய, லேசில் கரையாத மிட்டாய். இரண்டு மாதத்துக்கு முன் சுமதி ஊருக்குப் போகும்போது, ஒரு டப்பாவில் முப்பது போட்டுக் கொடுத்தாள். “நாளுக்கு ஒண்ணு துன்னு. டப்பா காலியாச்சுன்னா அம்மா வந்துருவேன்” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். ஆர்டர் அவசரம் என்று போன மாதம் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. இந்த மாதமும் அதே கதை.

முதல் நாள் பக்கம் இப்படி இருந்தது. காலை 6.50 கமர்கட். 7.25 கமர்கட். 8.10 கமர்கட். மாலை 4.20, 4.50, 5.35... இரண்டாம் நாளும் அப்படியே. பள்ளிக்கூட நேரம் தவிர இடைவெளி என்பதே இல்லை. எச்சிலுக்கு மூச்சுவிட நேரமில்லை.

இன்னொன்றும் கணக்கில் இடித்தது. மூன்றாம் நாள் காலை டப்பாவில் பதினான்கு. அவள் தின்றது ஆறு. மாலை ஆறு மணிக்கு எண்ணினால் — பதினேழு!

கயலைக் கூப்பிட்டேன். ஏன் இவ்வளவு தின்கிறாய் என்று கேட்டேன். கன்னத்தில் ஒன்றை அடக்கிக்கொண்டே சொன்னாள்.

“அம்மா வரணும்ல பெரியப்பா. நானும் துன்னுக்கினே கீறேன். எவ்ளோ துன்னாலும் டப்பா தீரவே மாட்டேங்குது. வாய் வேற வலிக்குது.”

பேனாவை மூடி வைத்தேன்.

வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்த முருகவேலிடம் டப்பாவைக் காட்டினேன். வாங்கி, மூடியை அழுத்தி மூடினான்.

“காலியாயிட்டா, அம்மா வரலியேன்னு அழுவும்ணே. அதான்... ஒவ்வொரு தடவை மலையிலேர்ந்து எறங்கறப்பவும் நாலஞ்சு வாங்கியாந்து போட்டுக்கினு இருந்தேன்.”

மகள் தீர்க்கத் தீர்க்க, அப்பன் நிரப்பிக்கொண்டிருக்கிறான். இரண்டு பேருக்கும் ஒரே ஏக்கம். நடுவில் மாட்டிக்கொண்டது பல்.

சுமதிக்கு போன் போட்டேன். முழுதாகக் கேட்டாள். “நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மாமா” என்றாள். “பல்லு ரொம்பப் போயிடுச்சா?” என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல், “ஞாயித்துக்கிழமை வந்துர்றேன். லீவு குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி” என்று வைத்துவிட்டாள்.

இப்போது டப்பா காலியாக வேண்டும். கயல் தின்னக் கூடாது. தூக்கிப் போடவும் அவள் விடமாட்டாள். அம்மா சொன்னது தின்று தீர்க்க! ஆகவே நான், தம்பி, என் மனைவி மூவரும் வட்டமாக உட்கார்ந்து பதினேழையும் கடித்து முடித்தோம். கயல் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்து மேற்பார்வை செய்தாள்.

“இன்னாங்க, இந்தப் பக்கத்தையும் எழுதி டாக்டரம்மாகிட்ட காட்டுங்க” என்றாள் என் மனைவி. எழுதினேன். மறுநாள் டாக்டரம்மா மூன்று பக்கத்தையும் படித்துவிட்டு, மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சேலம் பக்கமிருந்து வந்த ரயிலில் சின்னசேலத்தில் இறங்கினாள் சுமதி. பிளாட்பாரத்தில் என் கையை உதறிவிட்டு ஓடிய மகளைத் தூக்கியவள், முத்தம் கொடுக்கவில்லை. வெயில் பக்கம் திருப்பி, வாயைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு பல்லாகப் பார்த்தாள். பார்த்து முடித்த பிறகுதான் அழுதாள்.

மாலையே திரும்ப வேண்டும். இந்த முறை டப்பாவும் இல்லை, மிட்டாயும் இல்லை. என் யோசனைப்படி, டெய்லி காலண்டரில் மூன்று வாரம் தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, “இந்தத் தாள் மேல வந்தா அம்மா வந்துருவேன்” என்று காட்டிவிட்டுப் போனாள். பல்லுக்குக் கெடுதல் இல்லாத ஏற்பாடு. எனக்கு ரொம்பத் திருப்தி.

திங்கள் காலை டைரி எழுத உட்கார்ந்து, தேதிக்காகக் காலண்டரை நிமிர்ந்து பார்த்தேன். சிவப்பு வட்டம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே தரையில், கிழித்துப் போட்ட இருபத்தொரு தாள்கள். வாசலில் கயல், தலை சீவி, பொட்டு வைத்து, அம்மாவுக்காகத் தெருவைப் பார்த்துக்கொண்டு...

காலண்டர் கிழிப்பதால் பல் சொத்தையாகாது — இப்போதைக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும்.