தேவாரத்தில் ஏறி ஓடைப்பட்டியில் இறங்கினேன்: ஃபோர் ஸ்ட்ரோக் பாராமோட்டாரில் ஒரு மே மாதக் காலை

கம்பம் பள்ளத்தாக்கில் பறக்கலாமா என்று கேட்டு மூன்று பேர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள். மூவருக்கும் சேர்த்து இந்தப் பதிவு. 2009 மே மாதம், வீரபாண்டித் திருவிழா முடிந்த மறு வாரம் போனேன். திருவிழாச் சமயத்தில் தேனியில் அறை கிடைக்காது, அதனால்தான் காத்திருந்தேன். படங்களில் அந்த வயல்களையும் இருபுறத்து மலைகளையும் பார்த்து ரொம்ப நாளாக ஆசை.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாராமோட்டார் என்பது இஞ்சினையும் காற்றாடியையும் முதுகில் மாட்டிக்கொண்டு, தலைக்கு மேல் விரியும் துணி இறக்கையில் தொங்கிப் பறப்பது. பெரும்பாலானவர்கள் வைத்திருப்பது டூ ஸ்ட்ரோக். நான் வாங்கியது ஃபோர் ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம், சத்தம் குறைவு, மணிக்கு மூன்று லிட்டர்தான் குடிக்கும். ஆனால் எடை அதிகம். பெட்ரோலோடு சேர்த்து நாற்பது கிலோவை முதுகில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நாற்பத்தொரு வயதில் என் முழங்கால் அதற்கு முணுமுணுக்காமல் இருக்காது.

மதுரையிலிருந்து தேனி 75 கிலோமீட்டர். காரில் நானும் என் மனைவி கலாவும் மட்டும். கலா பறக்க மாட்டாள். தரையில் நின்று இறக்கையை விரித்துக் கொடுப்பதும், நான் இறங்கும் இடத்துக்குக் காரைக் கொண்டு வருவதும் அவள் வேலை. பழனிசெட்டிபட்டியில் ஒரு லாட்ஜில் தங்கினோம், அறைக்கு 350 ரூபாய். விடியற்காலை நாலேகாலுக்குக் கிளம்பி, போடி வழியாகத் தேவாரம் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆனது. முறைப்படி வாங்கிய அனுமதிக் கடிதத்தின் நகலை முந்தைய நாளே காவல் நிலையத்தில் கொடுத்திருந்தோம். ஊருக்கு வெளியே உழுது போட்ட தரிசு நிலம். சொந்தக்காரர் தாராளமாக ஒத்துக்கொண்டார்.

ஆறு நாற்பதுக்கு ஏறினேன். காற்றே இல்லை. மேற்கே கேரள எல்லை மலை நிழலாக நின்றது. இருபது நிமிடம் ஊரைச் சுற்றிவிட்டுக் கிழக்கே, சின்னமனூர் வயல்களைப் பார்க்கத் திரும்பினேன். காற்றில்லாதபோது என் இறக்கையின் வேகம் மணிக்கு 38 கிலோமீட்டர். ஜி.பி.எஸ். கருவி 60 காட்டியது. முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன். ஏழு இருபதுக்கெல்லாம் சின்னமனூரைத் தாண்டி ஓடைப்பட்டிப் பக்கம் வந்துவிட்டேன்.

திரும்பியபோதுதான் புரிந்தது. கருவி 14 காட்டியது. அப்புறம் 9. அப்புறம் 5. நான் கவனிக்காத நேரத்தில் மேற்கு மலையைத் தாண்டிக் காற்று இறங்கியிருந்தது. ஜூனில்தான் வரும் என்று நான் நம்பியிருந்த காற்று. கீழே ஒரு தென்னந்தோப்பைப் பத்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது நகரவே இல்லை.

அப்போதே இறங்கியிருக்க வேண்டும். பாதி டாங்குக்கு மேல் பெட்ரோல் இருக்கிறதே, இஞ்சின் சீராக ஓடுகிறதே, காற்று குறையட்டும் என்று நின்றேன். டூ ஸ்ட்ரோக்காக இருந்திருந்தால் பெட்ரோல் பயத்திலாவது கீழே வந்திருப்பேன். எட்டு மணிக்கு முதல் குலுக்கல் வந்தது. யாரோ காலைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டு, உடனே மேலே தூக்கி எறிந்ததுபோல இருந்தது. இறக்கையின் வலது நுனி படபடவென்று மடிந்து, மறுபடி விரிந்தது. கருவி பூஜ்ஜியம் காட்டியது, பிறகு பின்பக்கமாக நகர ஆரம்பித்தேன். முதுகுக்குப் பின்னால் மேகமலை. அங்கே போனால் பாறையும் காடும்தான்.

கீழே பச்சை. தூரத்திலிருந்து புல்வெளி மாதிரி தெரிந்தது, இறங்க இறங்கத் திராட்சைப் பந்தல் என்று தெரிந்தது. கல்கால்கள் நட்டு, தலை உயரத்தில் குறுக்கும் நெடுக்கும் கம்பி இழுத்த பந்தல், ஏக்கர் கணக்கில். அதற்கு நடுவே ஓர் ஆள் வெள்ளைத் துண்டை வீசியபடி ஓடுவது தெரிந்தது. கொடியெல்லாம் வெட்டி, கால்களைப் பிடுங்கிய வெற்று நிலம் ஒன்றில் போய் நின்று, அங்கேயே வீசினார். அறுபது சென்ட் இருக்கும். அதையே பார்த்துக்கொண்டு இறங்கினேன்.

தரைக்கு ஆறடி இருக்கும்போது இஞ்சினை அணைத்தேன். கால் தரையில் பட்டது, ஆனால் இறக்கை படுக்கவில்லை. பாய்மரம் மாதிரி காற்றை வாங்கி என்னை மல்லாக்கத் தள்ளி, பின்னால் இருந்த பந்தலை நோக்கி இழுத்தது. இறக்கையை என்னோடு பிணைக்கும் கொக்கியை விடுவிக்க விரல் வரவில்லை. முதல் கல்கால் பத்தடியில் இருந்தது. அப்போது பந்தலுக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடிவந்து, துணியின் ஒரு முனையில் ஏறி மிதித்து, அப்படியே அதன்மேல் உட்கார்ந்துவிட்டார். துண்டுக்காரர் மறு முனையில் விழுந்தார். இழுப்பு நின்றது.

அவர்கள் முருகேசன், பேச்சியம்மாள். கணவன் மனைவி, நிலம் அவர்களுடையது. நோய் விழுந்து அந்தப் பகுதிக் கொடியை மட்டும் போன மாதம் வெட்டியதாகச் சொன்னார்கள். எனக்குத் தோளில் சிராய்ப்பு, காற்றாடியில் விரிசல், அவ்வளவுதான். எழுந்திருக்க முடியாமல் மண்ணிலேயே கிடந்தேன். துணிமேல் ஏற எப்படித் தோன்றியது என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

“காயப்போட்ட சேலை காத்துல பறந்தா ஓடிப் போயி மிதிக்கிறதில்லையா, அப்படித்தான். இவுக துண்ட வீசுனாக, நீங்க பாத்தீகளா இல்லையான்னே தெரியல. அங்கன கம்பியில விழுந்திருந்தா எடுக்க ஆளு வேணுமே” என்றார். மோர் கொடுத்தார்கள். பாதியைச் சட்டையில் சிந்தினேன்.

கைப்பேசியில் கலாவின் அழைப்புகள் பதினொன்று. திரும்பி வருவேன் என்று தேவாரத்திலேயே காத்திருந்திருக்கிறாள். இந்த இஞ்சினின் சத்தம் கொஞ்ச தூரத்திலேயே அடங்கிவிடும், ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று தரையிலிருந்து அவளுக்குத் தெரியாது. நான் கூப்பிட்டு இடம் சொன்ன பிறகு அவள் வந்து சேர ஐம்பது நிமிடம் ஆனது. என்னைப் பார்த்தாள், பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பறக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் வாருங்கள். ஏழரைக்குள் இறங்கிவிடுங்கள், டாங்கில் எவ்வளவு இருந்தாலும். முதலில் காற்றுக்கு எதிராகப் போய்விட்டு, காற்றோடு திரும்புங்கள். போகும்போது வேகம் கூடினால் அது எச்சரிக்கை. முந்தைய நாள் மாலையே பைக்கில் போய், எந்தப் பச்சை நெல், எந்தப் பச்சை பந்தல் என்று பார்த்து வையுங்கள். மேலிருந்து எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இயந்திரத்தை நான் விற்கவில்லை. அதற்குப் பிறகு நான்கு முறை பறந்திருக்கிறேன், எதுவும் அரை மணி நேரத்துக்கு மேல் இல்லை.

அன்று திரும்பும்போது ஆண்டிபட்டிக் கணவாய் வரை நான்தான் கார் ஓட்டினேன். கணவாயில் கலா கேட்டாள், “மேல இருக்கையில என்னைய நெனச்சீங்களா?”

பொய் சொல்லத் தெம்பில்லை. “இல்ல. எறங்க எடம் தேடிக்கிட்டு இருந்தேன்” என்றேன்.

“நல்லது. என்னைய நெனச்சிருந்தா எடத்தைத் தவற விட்டிருப்பீங்க.”

அதற்குப் பிறகு மதுரை வரை அவள்தான் கார் ஓட்டினாள்.